மும்பைப் பெருநகர மண்டலம்: எல்லையும் எண்ணும் மொழியும்

1981ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பம்பாய் நகர்த்திரளின் மக்கள்தொகை 82,43,405 எனக் குறிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கணக்கில் அதே தலைப்பின்கீழ் இடம்பெற்ற எண் 1,25,96,243. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்குப் பத்தாண்டுகளில் அந்நகரம் தன் அளவில் பாதிக்கு மேல் பெருகிவிட்டதாகத் தோன்றும். உண்மை நிலை அதுவன்று. 1981இல் அத்தலைப்பு மாநகராட்சியின் எல்லையை மட்டுமே சுட்டியது. 1991இல் தாணே, கல்யாண், உல்லாஸ்நகர், நவி மும்பை முதலிய அண்டை நகரங்களும் அதனுள் சேர்க்கப்பட்டன. பழைய எல்லைக்குள் மட்டும் கணக்கிட்டால் 1991இன் மக்கள்தொகை 99,25,891 ஆகும். ஆகவே அப்பத்தாண்டின் உண்மைப் பெருக்கம் 17 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய 26.7 இலட்சம் பேரும் கோடு நகர்ந்ததால் உள்ளே வந்தவர்கள். தாணேயிலோ கல்யாணிலோ தம் வீட்டைவிட்டு ஓரடியும் பெயராமலேயே அவர்கள் அத்தலைப்பின்கீழ் வந்து சேர்ந்தனர்.

இவ்வுண்மையை நிலவியலாரும் நகரத் திட்டமிடுவோரும் நன்கறிவர். மொழிநிலை பற்றிய எழுத்துகளில்தான் இது பெரும்பாலும் கருதப்படுவதில்லை. மும்பையில் மராத்தி குறைகிறது, ஹிந்தி பெருகுகிறது என்பன போன்ற தொடர்கள், எந்த மும்பை என்பதைச் சொல்லாமலேயே வழங்கி வருகின்றன. பல நகரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஒரு நிலப்பரப்பில் எல்லைக்கோட்டின் வரலாற்றை அறியாமல் எண்ணைப் படிக்க இயலாது. மொழிபேசுவோர் எண்ணிக்கைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

தீவும் அதன் சார்புகளும்

மும்பையைப் பற்றிய முதல் எல்லை வழக்கே ஓர் ஆவணத்தின் சொற்பொருளைப் பற்றிய வழக்காக இருந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்குரியது. 1534இல் குஜராத்தின் பகதூர் ஷா, வசாயையும் அதைச் சார்ந்த நிலப்பகுதிகளையும் போர்த்துக்கீசியரிடம் ஒப்படைத்தார். 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி போர்த்துகலின் இளவரசி கேதரின் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்தபோது பம்பாய்த் துறைமுகமும் தீவும் ஆங்கிலேயர்க்குச் சீதனமாயின. தீவோடு சேர்ந்தவை எவை என்பதில் உடனே பிணக்கு எழுந்தது. வடக்கிலுள்ள சால்செட் தீவும் தாணேயும் பம்பாயின் சார்புகள் என ஆங்கிலேயர் வாதிட்டனர். போர்த்துக்கீசிய ஆளுநர் அந்தோனியோ தெ மெலோ எ காஸ்த்ரோ அதை ஏற்கவில்லை. 1662இல் வந்திறங்கிய ஆங்கிலேயக் கப்பற்படை வெறுங்கையோடு நின்றது. 1665இல்தான் ஹம்ப்ரி குக் என்பவர் தீவை மட்டும் பெற்றுக்கொண்டார். 1668இல் அது ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது.

கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மசகாவ், பரேல், வர்லி, மாகிம் என ஏழு திட்டுகளாகக் கிடந்த அத்தீவுக்கூட்டம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அணைகளாலும் நிலமீட்பாலும் ஒரே நிலமாயிற்று. இச்செய்தி பலகாலும் எழுதப்பட்டதே. அதினும் முக்கியமான ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மராத்தியர் 1737இல் சால்செட்டையும் 1739இல் வசாயையும் வென்றனர். ஆங்கிலேயர் 1774இல் தாணேக் கோட்டையைக் கைப்பற்றி, 1782ஆம் ஆண்டின் சால்பாய் உடன்படிக்கையால் அப்பிடியை உறுதிசெய்துகொண்டனர். அதாவது ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் நூறாண்டுகளுக்கு மேல் தீவுநகர் ஓர் அரசின்கீழும், அதற்கு நெல்லும் விறகும் ஆளும் தரவேண்டிய நிலப்பகுதி வேறோர் அரசின்கீழும் இருந்தன. இக்காலத்தில் தீவுநகர் தன் குடிகளைப் பெரிதும் கடல்வழியே தொலைவிலிருந்து வரவழைத்துக்கொண்டது. 1669 முதல் 1677 வரை ஆளுநராக இருந்த ஜெரால்டு ஆஞ்சியர் வணிகச் சாதியினரை அழைத்துக் குடியேற்றியதும் குஜராத்தி பேசும் பார்சிகளும் பனியாக்களும் அங்கு வேரூன்றியதும் இச்சூழலில்தான். சுற்றியுள்ள நிலத்தின் மொழியும் நகரத்தின் மொழியும் ஒன்றாக இல்லாத நிலைக்கு வித்து இங்கேயே இடப்பட்டது எனலாம்.

சால்செட் என்னும் பெயரே இப்பல்லெல்லை வரலாற்றின் சுவடு. அறுபத்தாறு ஊர்களைக் குறிக்கும் மராத்திச் சொல் சாஷ்டி எனத் திரிந்தது. போர்த்துக்கீசிய நாவில் சால்செத்தே ஆயிற்று. ஆங்கிலத்தில் சால்செட் ஆயிற்று. கோவாவிலும் அதே பெயருடைய வட்டம் ஒன்று உண்டு. வசாய் போர்த்துக்கீசியத்தில் பசைம், ஆங்கிலத்தில் பாசீன். வாந்த்ரே என்பது பாந்த்ரா. ஷீவ் என்பது சயான். 1995இல் நகரின் ஆங்கிலப் பெயர் மும்பை என மாற்றப்பட்டபோது மராத்தியில் எம்மாற்றமும் தேவைப்படவில்லை, ஏனெனில் மராத்தியர் அதற்கு முன்பும் மும்பை என்றே வழங்கினர். பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் ஓர் ஊருக்குரிய இவ்வடிவங்களை வெவ்வேறு ஊர்களாக மயங்குவதற்கு இடமுண்டு.

கழிகளும் இருப்புப்பாதையும்

சயாத்ரி மலையில் தோன்றி மேற்கே ஓடும் உல்லாஸ் ஆறு கல்யாணைக் கடந்து தாணேயின் வடபுறத்தை அடைகிறது. அங்கிருந்து அதன் பெருநீர் வசாய்க் கழியாக மேற்கே கடலில் கலக்கிறது. மற்றொரு கிளை தாணேக் கழியாகத் தெற்கே இறங்குகிறது. இவ்விரு கழிகளுக்கும் அரபிக்கடலுக்கும் இடைப்பட்டதே சால்செட். மண்டலத்தின் இன்றைய 9 மாநகராட்சிகளும் இந்நீர்க்கோடுகளைச் சுற்றியே அமைந்துள்ளன. பெருமும்பையும் மீரா-பாயந்தரும் கழிகளுக்கு உட்பட்ட தீவில் உள்ளன. வசாய்-விரார் வடகழியின் அக்கரையில் உள்ளது. பிவண்டி, கல்யாண்-டோம்பிவிலி, உல்லாஸ்நகர் ஆகியன ஆற்றுப்படுகையில் உள்ளன. நவி மும்பையும் பன்வேலும் தாணேக் கழியின் கீழ்க்கரையில் உள்ளன. தாணே மட்டும் கழியின் இரு கரைகளிலும் கால்பரப்பி நிற்கிறது.

நீர் பிரித்ததை இருப்புப்பாதை இணைத்தது. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் தொலைவு ஓடிய புகைவண்டியே இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி. மறு ஆண்டே பாதை கல்யாணை எட்டியது. அங்கிருந்து வடகிழக்கிலும் தென்கிழக்கிலும் இரண்டாகப் பிரிந்து மலைக்கணவாய்களை நோக்கிச் சென்றது. மேற்குப் பாதையில் 1867லேயே விராரிலிருந்து நகருக்கு நாள்தோறும் ஒரு வண்டி ஓடியது. 1925இல் மின்வண்டிகள் வந்தன. மக்கள் குடியேற்றம் இப்பாதைகளையே பின்பற்றியது. வரைபடத்தில் இம்மண்டலம் வட்டமாகப் பரவாமல் விரல்களைப் போல் நீண்டு கிடப்பதற்கு இதுவே காரணம். ஒரு நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் நெருக்கமும் அதற்கப்பால் உப்பளமும் வயலும் என்பதே நெடுங்காலத் தோற்றம்.

கிழக்குக் கரை மட்டும் இவ்வளர்ச்சியில் பின்தங்கியது. 1965இல் சார்லஸ் கோரியா, சிரீஷ் பட்டேல், பிரவீணா மேத்தா ஆகிய மூவரும் மார்க் இதழில், நகரம் வடக்கே நீள்வதைத் தவிர்த்துத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் வளரவேண்டும் என எழுதினர். 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றியது. 95 ஊர்களின் நிலத்தை உள்ளடக்கி 20 இலட்சம் பேருக்கென நவி மும்பை திட்டமிடப்பட்டது. தாணேக் கழிப் பாலம் 1973இலும், வாஷிக்கான இருப்புப்பாதை 1992இலும்தான் திறக்கப்பட்டன. 2011இல் அம்மாநகராட்சியின் மக்கள்தொகை 11 இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. இப்போது 2024இல் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது தீவுநகரையும் கீழ்க்கரையையும் நேரே இணைக்கிறது.

எண்ணிக்கையின் எல்லைகள்

நகரின் மக்கள்தொகையை எண்ணும் முயற்சிகளுள் 1864ஆம் ஆண்டின் கணக்கு 8,16,562 பேரைக் காட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை உச்சத்தில் நின்ற காலம் அது. போர் முடிந்து சந்தை சரிந்தபின் எடுக்கப்பட்ட 1872ஆம் ஆண்டுக் கணக்கில் 6,44,405 பேரே இருந்தனர். 1901இல் கொள்ளைநோயின் விளைவாக மீண்டும் ஒரு வீழ்ச்சி: 1891இன் 8,21,764 என்னும் எண் 7,76,006 ஆகக் குறைந்தது. இவையாவும் தீவுநகரின் கணக்குகள். மாநகராட்சி எல்லை 1950இலும் 1957இலும் வடக்கே விரிந்து தகிசர், முலுந்து வரை சென்றது. இன்று பெருமும்பை எனப்படுவது அவ்வெல்லையே.

தீவுநகரின் மக்கள்தொகை 1981இல் 32,85,040 ஆக இருந்தது. 1991இல் 31,74,889, 2001இல் சற்று உயர்ந்து 33,38,031, 2011இல் 30,85,411. முப்பதாண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை எழுபது கோடிக்குக் கீழிருந்து நூற்றிருபது கோடியைக் கடந்த காலத்தில், நாட்டின் பெருவணிகத் தலைநகரின் கருப்பகுதி தன் மக்களில் இரண்டு இலட்சம் பேரை இழந்தது. பரேல், லால்பாக் வட்டாரத்து நெசவாலைகளில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்கள் அடுக்குமாடிகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. கிரண்காவ், அதாவது ஆலையூர் என மராத்தியில் வழங்கிய அவ்வட்டாரத்தின் தொழிலாளர் குடும்பங்களில் பல டோம்பிவிலி, பத்லாபூர், விரார் எனப் பாதையின் கோடிகளுக்குப் பெயர்ந்தன. அவர்களுட் பெரும்பாலோர் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த மராத்தியர். மொழிக் கணக்கைப் படிக்கும்போது இப்பெயர்ச்சியை மறத்தல் ஆகாது.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே, நகர்த்திரளுக்கு உள்ளே வாழ்ந்தோர் 1991இல் 26.7 இலட்சம், 2001இல் 44.6 இலட்சம், 2011இல் 59.5 இலட்சம். பிரிக்கப்படாத தாணே மாவட்டம் 2011இல் 1,10,60,148 பேருடன் இந்தியாவின் மிகுந்த மக்கள்தொகையுள்ள மாவட்டமாயிற்று. 2014இல் அதிலிருந்து பால்கர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. சிற்றூர்களும் நகராட்சிகளும் மாநகராட்சிகளாக உயர்ந்த வரலாறும் இக்காலத்ததே: தாணே 1982, கல்யாண் 1983, நவி மும்பை 1992, வசாய்-விரார் 2009, பன்வேல் 2016.

இங்கு ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். நகர்த்திரள் என்பது தொடர்ச்சியான நகர்ப்பரவலைக் குறிக்கும் குடிக்கணக்குச் சொல். தாணேக் கழிக்கு அப்பாலுள்ள நவி மும்பை 2011ஆம் ஆண்டின் மும்பை நகர்த்திரளுள் அடங்கும். தாணே மாநகராட்சியின் கல்வா, மும்ப்ரா பகுதிகள் கழியின் அக்கரையில் இருப்பதால் தொடர்ச்சி கிட்டிவிடுகிறது. வசாய்க் கழியின் இரு மருங்கிலும் உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் கிடப்பதால் வசாய்-விரார் அதனுள் சேரவில்லை. 12.2 இலட்சம் மக்களுடன் அது நாட்டின் பத்திலட்ச நகரங்களுள் தனியொன்றாகப் பட்டியலிடப்பட்டது. 1867 முதல் மும்பைக்கு வண்டியேறி வரும் விரார் மக்கள் கணக்கில் வேற்றூரார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பாலம் கண்ட வாஷி மக்கள் உள்ளூரார். பிவண்டியும் அவ்வாறே தனித்து நிற்கிறது. விதியை வகுத்தவர்கள் நிலத்தின் தொடர்ச்சியை நோக்கினர். அன்றாடப் போக்குவரவின் தொடர்ச்சியை நோக்கவில்லை. மொழித் தொடர்பு பின்னதன் வழியேதான் நிகழ்கிறது.

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கோடு இன்னும் அகன்றது. 1975இல் அமைந்த அக்குழுமத்தின் மண்டலம் 4,355 சதுரக் கிலோமீட்டராக இருந்து, அண்மையில் 6,328 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. பழைய பரப்புக்குள் 2011இல் சுமார் 2.28 கோடிப் பேர் வாழ்ந்தனர். ஆக, 2011இல் மும்பையின் மக்கள்தொகை எவ்வளவு என்னும் வினாவுக்கு 30.85 இலட்சம், 1.24 கோடி, 1.84 கோடி, 2.28 கோடி என நான்கு விடைகள் உள்ளன. நான்கும் சரியானவை.

பெருநகரம் என்னும் சொல்

இந்நான்கையும் தமிழில் தெளிவாக வேறுபடுத்திச் சொல்ல இயலுமா என்பது மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல். பல நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கலந்த பரப்பைக் குறிக்கக் கனர்பேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லை 1915இல் ஆக்கியவர் பாட்ரிக் கெட்டிஸ். அவரே 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் பேராசிரியராக அமர்ந்தார் என்பது பொருத்தமான தற்செயல். இந்தியக் குடிக்கணக்கு அச்சொல்லை ஏற்கவில்லை. 1961இல் ஊர்த்தொகுதி என்னும் பொருள்பட ஒரு சொல்லையும், 1971 முதல் நகர்த்திரள் என்பதற்கு நேரான சொல்லையும் கையாண்டது. அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது வேறொரு வரையறை சேர்ந்தது: பத்து இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளையோ ஊராட்சிகளையோ உள்ளடக்கி, ஆளுநரால் அறிவிக்கப்படும் பகுதியே பெருநகர்ப் பகுதி. இவ்வரையறையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் என்பது இன்றியமையாத கூறு.

மராத்தியில் மாநகராட்சியைச் சுட்டப் பிருஹன்மும்பை என்பதும், மண்டலத்தைச் சுட்ட மும்பை மஹாநகர் பிரதேஷ் என்பதும் வழங்குகின்றன, குழப்பமில்லை. தமிழ் வழக்கில் நிலைமை வேறு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் என்னும் பெயரில் பெருநகரம் என்பது மெட்ரோபாலிட்டன் என்பதற்கு நேராக நிற்கிறது; பெருநகர சென்னை மாநகராட்சி என்னும் பெயரிலோ அதே சொல் கிரேட்டர் என்பதற்கு நேராக நிற்கிறது. சென்னையைப் பொறுத்தவரை தமிழர் இடமறிந்து பொருள் கொள்வர். ஆனால் பெருநகர மும்பை என ஒருவர் மொழிபெயர்த்தால் அது 1.24 கோடியையா 2.28 கோடியையா குறிக்கிறது என்பதைப் படிப்போர் அறிய வழியில்லை. ஒரு சொல்லின் இருபொருளுக்குள் ஒரு கோடி மக்கள் மறைந்துவிடுகின்றனர். மாநகராட்சி எல்லைக்குப் பெருமும்பை என்றும், விரிந்த பரப்புக்குப் பெருநகர மண்டலம் என்றும் வரையறுத்து வழங்குவது இதற்கு ஓரளவு தீர்வாகும்.

மொழிக் கணக்கு

எல்லையும் மொழியும் நேருக்கு நேர் மோதிய காலம் 1955 முதல் 1960 வரையிலானது. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி பெரும்பம்பாயில் மராத்தியே தனிப்பெரும் மொழி. எனினும் அது மக்கள்தொகையில் பாதியை எட்டவில்லை. நகரைத் தனி மாநிலமாக்க வேண்டும் என்றோர் இவ்வெண்ணையே முன்வைத்தனர். ஐக்கிய மகாராஷ்டிர இயக்கத்தினர் நகரைச் சுற்றியுள்ள தாணே, கொலாபா மாவட்டங்களைச் சுட்டிக்காட்டினர். நகரின் குடிநீர் தான்சா, வைதரணா நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. மின்சாரம் கோபோலியிலிருந்து வருகிறது. எல்லாத் திசையிலும் நிலம் மராத்தி பேசுவது. அவ்வாறிருக்க நகரை மட்டும் அறுத்தெடுத்து எண்ணுவது எப்படித் தகும் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். இருதரப்பாரும் ஒரே கணக்கைத்தான் படித்தனர். கோட்டை மட்டும் வெவ்வேறிடத்தில் கிழித்துக்கொண்டனர். 1956 ஜனவரியில் பம்பாய் நடுவண் ஆட்சியின்கீழ் வரும் என அறிவிக்கப்பட்டதும் கிளர்ச்சி வெடித்தது, நூற்றுக்கு மேற்பட்டோர் இப்போராட்டத்தில் உயிரிழந்தனர், நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் பதவி விலகினார். 1956 நவம்பரில் இருமொழிப் பம்பாய் மாநிலமும் 1960 மே முதல் நாள் மகாராஷ்டிரமும் உருவாயின. எல்லை பற்றிய முடிவு உயிர்களை விலையாகக் கொண்ட ஒன்றாதலின் இதை வெறும் புள்ளியியல் நுணுக்கம் எனத் தள்ளுதல் இயலாது.

அவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. பெருமும்பையில் மராத்தியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001இல் 45.23 இலட்சம், 2011இல் 44.04 இலட்சம். ஹிந்தியைக் குறித்தோர் 25.88 இலட்சத்திலிருந்து 35.98 இலட்சமாக உயர்ந்தனர். உருது 16.87 இலட்சத்திலிருந்து 14.59 இலட்சமாகக் குறைந்தது. இவ்வெண்கள் செய்தித்தாள்களில் மராத்தியின் வீழ்ச்சியாகவும் ஹிந்தியின் எழுச்சியாகவும் விளக்கப்பட்டன. முன்னர்ச் சொன்ன இடப்பெயர்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால் முதல் விளக்கம் தளர்கிறது. டோம்பிவிலிக்கோ விராருக்கோ குடிபெயர்ந்த மராத்திக் குடும்பம் மராத்தியை விட்டுவிடவில்லை. கோட்டைக் கடந்தது, அவ்வளவே. காலையில் அதே வண்டியில் வந்து மாலைவரை தீவுநகரில் மராத்தி பேசிவிட்டுத் திரும்பும் அவர்களைப் பெருமும்பைக் கணக்கு காண்பதில்லை. இரண்டாவது விளக்கமும் முழுமையானதன்று. ஹிந்தி என்னும் தலைப்பின்கீழ் போஜ்புரியும் ராஜஸ்தானி வழக்குகளும் பிறவும் தொகுக்கப்படுகின்றன. உருதுவின் குறைவில் எவ்வளவு மக்கள் வெளியேறியது, எவ்வளவு தாய்மொழிப் பெயரை மாற்றிச் சொன்னது என்பதை இவ்வெண்களிலிருந்து மட்டும் பிரித்தறிய முடியாது. ஹிந்தி பேசுவோர் தாணே, ராய்கட் மாவட்டங்களிலும் பெருகியுள்ளனர் என்பதால், அதன் வளர்ச்சி கோட்டின் விளைவன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

மண்டலத்தின் நகரங்கள் மொழியால் தனித்தனி முகமுடையன. கல்யாணுக்கு அருகில் இருந்த இராணுவ முகாமில் 1947க்குப் பின் சிந்தி அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949 ஆகஸ்டில் அன்றைய கவர்னர் ஜெனரல் சி. இராஜகோபாலாச்சாரி அதை நகரமாக்க அடிக்கல் நாட்டினார். ஆற்றின் பெயரால் அது உல்லாஸ்நகர் ஆயிற்று. மாநிலமில்லாத ஒரு மொழிக்கு வாய்த்த நகரங்களுள் இது ஒன்று. சிந்தி 1967இல் எட்டாம் அட்டவணையில் சேர்ந்தது. எனினும் அரபி எழுத்தா தேவநாகரியா என்னும் வினா அந்நகரப் பள்ளிகளின் தலைமேலும் தொங்கியது. பிவண்டி விசைத்தறி ஊர்; உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த நெசவாளர்களால் அங்கு உருது தழைத்தது. தமிழர் வரலாறும் இப்பாதைகளோடு பிணைந்ததே. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து சென்றோர் தாராவியில் அமர்ந்தனர். அலுவலகப் பணியாளர் மாதுங்காவைச் சூழ்ந்தனர். 1932இல் அங்குத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர் செம்பூர், முலுந்து, டோம்பிவிலி என அவர்களும் பாதைவழியே விலகினர். மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. அவ்வேற்பாடு அம்மாநகராட்சியின் எல்லையோடு நிற்பது. கழியைக் கடந்து குடிபெயர்ந்த குடும்பத்தின் குழந்தைக்கு அது உரியதன்று; அங்குள்ள மாநகராட்சி வேறு, அதன் கடமை பற்றிய முடிவும் வேறு. தமிழ்வழியில் படிப்போர் குறைவதைத் தமிழர் குறைவதற்குச் சான்றாகக் கொள்வோர் இதைக் கருதவேண்டும்.

எண்ணப்படாத பேச்சுகள்

இம்மண்டலத்தின் மிகப் பழைய பேச்சுகள் எந்தக் கோட்டுக்குள்ளும் தெளிவாகத் தென்படுவதில்லை. கிரியர்சனின் மொழியளவாய்வில், 1905இல் வெளிவந்த மராத்தித் தொகுதி, வடகொங்கணத்தின் பரபி, கோளி, குணபி, ஆகரி, கிறித்துவர் வழக்கு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துக்காட்டியது. இவர்கள் ஏழு தீவுகளின் மீனவரும் உப்பளத்தாரும் உழவருமாவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் மராத்தியின்கீழ் கோளி என்னும் பெயர் தொகுக்கப்படுகிறது; ஆகரியும் வசாய்க் கிறித்துவரும் பிராமணரும் பேசும் சாம்வேதியும் பெயரளவிலும் இல்லை. நாடு முழுவதும் பத்தாயிரம் பேருக்குக் குறைந்தோர் சொல்லும் தாய்மொழிப் பெயர் தனியே வெளியிடப்படுவதில்லை என்னும் விதியும் உண்டு. வார்லியின் நிலை இன்னும் சுவையானது. ஏ. எம். காட்கே தம் மராத்திக் கிளைமொழி ஆய்வு வரிசையில் தாணே வார்லிக்கு ஒரு நூலை ஒதுக்கினார். குடிக்கணக்கோ வார்லியைப் பீலியின்கீழ் வைக்கிறது. மொழியியலாரின் கோடும் கணக்கெடுப்பாரின் கோடும் ஒன்றையொன்று அறியாதன போல் நிற்கின்றன. கொங்கணி என்னும் பெயரும் தொல்லை தருவது: வடகொங்கண மராத்தி வழக்குகளையும் அப்பெயரால் சுட்டுவோர் உண்டு; 1992இல் எட்டாம் அட்டவணையில் சேர்ந்த கோவாவின் கொங்கணி வேறு.

இப்பேச்சுகளின் நிலமே புதிய நகரங்களின் அடித்தளமாயிற்று என்பதால் இம்மறைவு வெறும் வகைப்பாட்டுச் சிக்கலாக நிற்பதில்லை. நவி மும்பைக்கெனக் கையகப்படுத்தப்பட்ட 95 ஊர்களில் பெரும்பகுதி ஆகரி, கோளி மக்களுடையது. 1984 ஜனவரியில் டி. பி. பாட்டீல் தலைமையில் நடந்த ஜாசை நிலப்போராட்டத்தில் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். கையகப்படுத்திய நிலத்தில் பன்னிரண்டரை விழுக்காட்டை வளர்ச்சியுற்ற மனையாகத் திருப்பித்தரும் திட்டம் அப்போராட்டத்தின் விளைவு. வசாயில் வயலும் தோப்பும் அழிவதை எதிர்த்த பசுமை வசாய் இயக்கத்தை முன்நடத்திய அருட்தந்தை பிரான்சிஸ் டி'பிரிட்டோ, விவிலியத்தை மராத்தியில் பெயர்த்தவர்; 2020இல் உஸ்மானாபாத்தில் கூடிய அனைத்திந்திய மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைவர். எண்ணுக்குள் வராத ஒரு சிறு வட்டாரத்திலிருந்து மராத்தியின் நடுமேடைக்கு ஒருவர் வந்தார்.

2021இல் நடைபெற வேண்டிய குடிக்கணக்கு நடைபெறவில்லை. 2027ஐ ஆண்டாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025இல் அறிவிக்கை வெளியிடப்பட்டது. பன்வேல் மாநகராட்சியாகவும் பால்கர் தனி மாவட்டமாகவும் எண்ணப்படும் முதல் கணக்கு அதுவே. வசாய்-விரார் நகர்த்திரளுள் சேர்க்கப்படுமாயின், 1991இல் நிகழ்ந்ததைப் போலவே, மும்பையின் எண்ணும் அதன் மொழி விகிதங்களும் ஒரே நாளில் மாறும்.